28 பேரைக் கூட்டிப்போகிறேன், குப்பை பொறுக்கினால் மட்டும் போதுமா?

நடைப்பித்தன்:

வணக்கம் நண்பர்களே. கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் ஒரு சின்ன மலையேற்றக் குழு நடத்துகிறேன். பிழைப்புக்காக இல்லை, ஆசைக்காக. தொடங்கியபோது ஆறு பேர். இப்போது ஒரு நடை அறிவித்தால் இருபத்தைந்து முப்பது பேர் பெயர் கொடுக்கிறார்கள், அதில் பாதிப்பேர் காட்டில் ஓர் இரவுகூடத் தங்கியிராதவர்கள். அவர்களை வெளியே இழுத்துவருவதில்தான் எனக்குச் சந்தோஷமே. ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட்டால், அப்புறம் அந்த மலைக்கு ஒன்று என்றால் சும்மா இருக்க மாட்டார்கள் என்பது என் கணக்கு.

குப்பை விஷயத்தில் நான் ரொம்பக் கறார். நாங்கள் கொண்டுபோனதோடு, வழியில் மற்றவர்கள் எறிந்ததையும் பொறுக்கி மூட்டை கட்டித் தூக்கிவருவோம். மூட்டையோடு நின்று படம் எடுத்துப் போட்டால் நாலு பேர் பாராட்டுவார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது, மறைப்பானேன்.

போன வாரம் ஒரு மலை ஏரிக்குத் தனியாகப் போனேன். ஒரு வருடத்துக்கு முன் நாங்கள் 28 பேர் இரண்டு இரவு தங்கிய இடம். கரையில் ஒரு மிட்டாய்த் தாள்கூட இல்லை. ஆனால் டென்ட் அடித்த இடமெல்லாம் புல் போய் வழுக்கையாகக் கிடக்கிறது. ஏரிக்கு இறங்க ஒரே தடம் இருந்தது, இப்போது எண்ணினால் ஐந்து. கரியும் பாதி எரிந்த கட்டையுமாக நான்கு தீக்குழிகள், அதில் இரண்டு எங்களுடையவை என்று எனக்கு நன்றாகவே தெரியும். பெரிய பாறைக்குப் பின்னால் என்ன கிடந்தது என்று எழுதவே கூசுகிறது. நான் அங்கே நிற்கும்போதே வேறொரு குழு வந்து சேர்ந்தது. பேச்சுக் கொடுத்தேன். ஒரு வீடியோ பார்த்துத்தான் வந்தோம், வழியெல்லாம் தெளிவாகப் போட்டிருந்தார்கள் என்றார்கள். அந்த வீடியோ நான் போட்டது.

அடுத்த மாதம் மறுபடி அதே ஏரி, மறுபடி 28 பேர் பதிந்திருக்கிறார்கள். நான் எதைக் கவனிக்காமல் விட்டேன்? புதிதாக வருகிறவர்களிடம் வாத்தியார் மாதிரி பிரம்போடு நிற்காமல் இதையெல்லாம் எப்படிச் சொல்வது? அப்புறம், அந்த வீடியோவை எடுத்துவிடலாமா? திட்டுவதாக இருந்தாலும் பரவாயில்லை, விஷயத்தோடு திட்டுங்கள்.


ஈரமண்:

திரும்பிப் போய்ப் பார்த்ததற்கே உங்களுக்கு ஒரு சபாஷ், தம்பி. கூட்டம் கூட்டமாக ஆள் கூட்டிப்போகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் தங்கிய இடத்தை ஒரு வருடம் கழித்துப் போய்ப் பார்ப்பதே இல்லை.

நான் பல வருடம் வழிகாட்டியாக இருந்தவன். குப்பை கண்ணில் படும், அதனால் எல்லோரும் அதையே பிடித்துக்கொள்கிறோம். அதைத் தூக்கிவந்துவிடலாம். காலால் மிதித்துக் கெடுத்ததைத் தூக்கிவர முடியாது.

புல்தரையின் கணக்கு கொஞ்சம் விசித்திரமானது. யாரும் மிதிக்காத இடத்தில் முதலில் விழுகிற கொஞ்ச மிதிகளே பெரும்பாலான சேதத்தைச் செய்துவிடும். அதற்கப்புறம் எத்தனை பேர் நடந்தாலும் அங்கே கெடுவதற்கு அதிகம் மிச்சமிருக்காது. ஆகவே ஏற்கெனவே தேய்ந்து கட்டாந்தரையாகிவிட்ட இடமென்றால் அங்கேயே நெருக்கியடித்துத் தங்குங்கள், ஓரத்துப் புல்லைத் தொடாதீர்கள். ஆளே போகாத இடமென்றால் நேர்மாறாகச் சிதறிப்போங்கள், முன்னால் போகிறவர் கால் வைத்த இடத்தில் பின்னால் வருகிறவர் வைக்காமல், ஒரே இடத்தில் ஓர் இரவுக்கு மேல் தங்காமல். ரொம்ப மோசம் எது தெரியுமா, அரைகுறையாகத் தேய ஆரம்பித்திருக்கும் இடம். பார்க்க வசதியாக இருக்கும், அதனால் எல்லோரும் அங்கேதான் டென்ட் அடிப்பார்கள். விட்டுவைத்தால் தானாகத் தேறிவிடக்கூடிய இடம் அது. உங்கள் ஏரிக்கரை போன வருடம் அந்த நிலையில் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

ஐந்து தடம் எப்படி வந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். மேலிருந்து பார்த்தால் ஏரி தெரியும், பாதை வளைந்து வளைந்து போகும், எவனோ ஒருவன் குறுக்கே இறங்குவான். அடுத்த மழையில் தண்ணீர் அந்தக் குறுக்குத் தடத்தைப் பிடித்துக்கொண்டு நேரே கீழே ஓடும். இரண்டு மூன்று மழைக்காலம் போனால் அது தடமில்லை, வாய்க்கால். சேறும் அதே கதைதான். பாதை நடுவே சேறு இருந்தால் சேற்றுக்குள்ளேயே நடந்து போங்கள், வரிசையாக. ஷூ அழுக்காகிவிடுமே என்று ஆளாளுக்கு ஓரமாகச் சுற்றினால் ஓரமும் சேறாகி, ஒரு வருடத்தில் ஒற்றையடிப் பாதை மாட்டுவண்டிப் பாதை அகலத்துக்கு வந்துவிடும்.

இதைவிட மெல்லிய தரையும் உண்டு. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஆர்ச்சஸ், கேன்யன்லேண்ட்ஸ் பூங்காக்களில் மண்ணுக்கு மேல் கறுப்பாக, மேடும் பள்ளமுமாக ஓர் ஓடு இருக்கும். பார்த்தால் வெறும் காய்ந்த மண் மாதிரி. உண்மையில் சயனோபாக்டீரியா, பாசி, லைக்கன் எல்லாம் சேர்ந்து மணலைத் தைத்து வைத்திருக்கிற உயிர்ப் படலம் அது. காற்று மண்ணை வாரிக்கொண்டு போகாமல் பிடித்திருப்பது அதுதான். ஒரு காலடி பட்டால் பொடியாகும், திரும்ப வளரப் பல பத்தாண்டுகள் ஆகும். ‘நான் ஒருத்தன் மிதித்தால் என்ன’ என்கிற பேச்சு அங்கே செல்லாது.

எண்ணிக்கைக்கு வருகிறேன். 28 அதிகம். அமெரிக்காவின் பல பாதுகாக்கப்பட்ட காடுகளில் ஒரு குழுவுக்குப் பத்திலிருந்து பதினைந்து பேர் என்றுதான் வரம்பு. பெருவில் இன்கா தடத்தில் ஒரு நாளைக்கு 500 பேர்தான் கிளம்பலாம், வழிகாட்டிகளும் சுமை தூக்குகிறவர்களும் அந்த 500-க்குள் அடக்கம், அப்படியும் ஒவ்வொரு பிப்ரவரியும் பாதையை மூடிப் பழுது பார்க்கிறார்கள். நீங்கள் 12 பேராக உடைத்து வேறு வேறு வாரத்தில் கூட்டிப்போங்கள். ஒரே நாளில் இரண்டு 14 என்று பிரித்து ஒரே கரையில் தங்கவைத்தால் அது பிரிப்பதே இல்லை, அந்த வேலையெல்லாம் நானும் பார்த்திருக்கிறேன்.

கேம்ப் ஃபயர் விஷயத்தில் என் பேச்சு சின்னது. ஏரிக்கரையில் வேண்டாம், சமையலுக்குச் சின்ன கேஸ் அடுப்பு போதும். ஏற்கெனவே குழி இருக்கிறது, அனுமதியும் இருக்கிறது என்றால், தரையில் தானாக விழுந்து கிடக்கிற, மணிக்கட்டுக்கு மேல் தடிமன் இல்லாத கட்டை மட்டும். சாம்பலுக்குள் கையை விட்டால் சில்லென்று இருக்கிறவரை தண்ணீர் ஊற்றவேண்டும். வெளியூரிலிருந்து விறகு கட்டிக்கொண்டு போகவே கூடாது. ஆசியாவிலிருந்து போன ஒரு பச்சை வண்டு 2002-ல் மிச்சிகனில் முதலில் கண்டுபிடிக்கப்பட்டது, அப்புறம் மாநிலம் மாநிலமாகப் பரவிக் கோடிக்கணக்கான ஆஷ் மரங்களைக் கொன்றது. அது வேகமாகப் பரவியதற்கு மனிதர்கள் காரில் ஏற்றிப்போன விறகும் ஒரு முக்கியக் காரணம்.


தண்ணீர்ப்பூச்சி:

‘எழுதவே கூசுகிறது’ என்று தாண்டிப்போனீர்களே, அதை நான் எழுதுகிறேன். இதை வாய்விட்டுச் சொல்லித்தர எல்லோரும் கூசுவதால்தான் பாறைக்குப் பின்னால் அந்த நிலைமை.

28 பேர், இரண்டு நாள், ஆளுக்கு நாளைக்கு ஒரு தடவை என்றே வைத்துக்கொள்ளுங்கள். 56. ஒரே பாறையைச் சுற்றி 56! இதற்கு இடம் யோசித்தீர்களா? டென்ட் எங்கே அடிப்பது என்று அரை மணி நேரம் விவாதித்திருப்பீர்கள்.

முறை ஒன்றும் கஷ்டமில்லை. கையடக்க மண்வெட்டி ஒன்று எடுத்துக்கொண்டு தண்ணீர், பாதை, கூடாரம் மூன்றிலிருந்தும் 60 மீட்டராவது தள்ளிப் போகவேண்டும், பெரியவர்கள் நடையில் எண்பது எட்டு எண்ணினால் சரியாக இருக்கும். 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழம் தோண்டவேண்டும், முடிந்ததும் எடுத்த மண்ணையே போட்டு மூடிவிடவேண்டும். அதைவிட ஆழமாகத் தோண்டினால் இன்னும் நல்லதுதானே என்று சிலர் நினைப்பார்கள். இல்லை, சிதைக்கிற நுண்ணுயிர்கள் அதிகம் இருப்பது மேல்மண்ணில்தான். துடைத்த தாளைப் புதைக்க வேண்டாம், விலங்குகள் தோண்டி வெளியே இழுத்துவிடும். ஈரத் துடைப்புத் தாள்களில் பலவற்றில் பிளாஸ்டிக் இழை இருக்கிறது, அது மக்கவே மக்காது. உள்ளே தெரியாத கனமான பை ஒன்று, அதற்குள் இன்னொரு பை, எல்லாம் அதில் திரும்பி வரட்டும். மாதவிடாய்ப் பொருட்களும் அப்படியே. குழுவில் ஒரு பெண் இதைப் பெண்களிடம் தனியாக, கிளம்பும் முன்பே பேசிவிட்டால் பாதிச் சங்கடம் தீர்ந்துவிடும், என் அனுபவம்.

ஆனால் ரொம்ப உயரத்தில், குளிரில், பாறையும் பனியுமான இடத்தில் குழிவேலை உதவாது, மக்குவதற்கு அங்கே மண்ணும் இல்லை சூடும் இல்லை. கலிஃபோர்னியாவின் விட்னி மலையில் பாதையோரக் கழிவறைகளையே எடுத்துவிட்டார்கள், ஏறுகிறவர்கள் தங்களுடையதைத் தாங்களே கழிவுப் பையில் கட்டிக் கீழே கொண்டுவரவேண்டும். 2024-ல் எவரெஸ்ட் பகுதி உள்ளாட்சியும் இதையே விதியாக்கியது. அங்கே 2014-லிருந்தே ஆளுக்கு 8 கிலோ குப்பை கீழே கொண்டுவரவேண்டும் என்று விதி இருந்தது. குப்பையைப் பற்றிப் பேசி, மலத்தைப் பற்றிப் பேசுவதற்குப் பத்து வருடம் ஆகியிருக்கிறது பாருங்கள்.

இன்னொன்று, சோப்பு. ‘மக்கும் சோப்பு’ என்று அட்டையில் போட்டிருந்தால் ஏரியிலேயே குளிக்கலாம் என்று அர்த்தமில்லை. அது மண்ணில் மக்கும், தண்ணீரில் அப்படியே கலந்து நிற்கும். பாத்திரத்தில் மொண்டு கரையிலிருந்து அதே 60 மீட்டர் தள்ளி வந்து கழுவுங்கள். உடம்பில் சன்ஸ்கிரீன் பூசிக்கொண்டு தொம்மென்று குதிப்பதும் வேண்டாம். பலாவ் நாடு 2020-லும் ஹவாய் 2021-லும் பவளப்பாறைகளைக் கெடுக்கும் ஆக்ஸிபென்சோன் மாதிரியான பொருட்கள் கலந்த சன்ஸ்கிரீன்களுக்குத் தடை போட்டன. உங்களுடையது மலை ஏரி, பவளம் இல்லை, சரி. ஆனாலும் முழுக்கைச் சட்டையும் தொப்பியும் போட்டுக்கொண்டால் பூச்சின் தேவையே பாதி குறையும்.


சுள்ளி:

நல்ல இழை. ஒரு சின்னச் சந்தேகம். பழத்தோல், முட்டை ஓடு, மீந்த சாப்பாடு இதெல்லாம் இயற்கைதானே, மக்கிப்போகும், குரங்கோ அணிலோ தின்னும். அதையும் தூக்கிக்கொண்டு வரச்சொல்வது கொஞ்சம் ஓவர் இல்லையா?


புதர்க்குருவி:

ஓவர் இல்லை தம்பி. ஆரஞ்சுத் தோல் குளிர்ந்த மலையில் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். வாழைப்பழத் தோலும் அப்படித்தான், கறுத்துச் சுருண்டு கிடக்கும். ஒரு தோல் கிடந்தால் அடுத்தவர் ‘ஓ, இங்கே போடலாம்போல’ என்று தன்னுடையதையும் போடுவார். ஆரஞ்சோ வாழையோ அந்த மலையில் விளைகிறதா? இல்லையென்றால் அது அங்கத்திய மண்ணுக்கும் பூச்சிக்கும் அந்நியச் சரக்குதான்.

ஆனால் எனக்கு அதைவிடப் பெரிய கோபம் ‘அணில் தின்னும்’ என்கிற பகுதியில். ஆமாம், தின்னும். தின்றுவிட்டு அடுத்த ஆளின் பையைக் கிழிக்கும், அதற்கடுத்த ஆளின் கையைக் கடிக்கும். அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் ஒரு காலத்தில் குப்பைக் கிடங்குக்கு வரும் கரடிகளைப் பார்க்கப் பலகை இருக்கைகளே போட்டுக் கொடுத்திருந்தார்கள், நாடகம் பார்க்கிற மாதிரி மக்கள் உட்கார்ந்து பார்ப்பார்கள். கடைசிக் கிடங்குகளை 1970 வாக்கில்தான் மூடினார்கள். மூடியதும் மனிதச் சாப்பாட்டுக்கே பழகிப்போன கரடிகள் முகாம்களுக்குள் நுழைந்தன, நிறையக் கரடிகளைக் கொல்லவேண்டி வந்தது. சோறு போட்டது நாம், உயிர் போனது அதற்கு.

பாசம் வைத்துக் கெடுப்பதும் உண்டு. 2016-ல் அதே பூங்காவில் பிறந்து கொஞ்ச நாளே ஆன காட்டெருமைக் கன்று ஒன்றைப் பார்த்து, ஐயோ குளிரில் நடுங்குகிறதே என்று சில சுற்றுலாப் பயணிகள் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்துவிட்டார்கள். திரும்பக் கொண்டுபோய் மந்தையோடு விட்டுப் பார்த்தார்கள், மந்தை சேர்க்கவில்லை. அது சாலைக்கும் கார்களுக்குமே திரும்பத் திரும்ப வந்து நின்றது. கடைசியில் பூங்கா ஊழியர்களே அதைக் கருணைக்கொலை செய்யவேண்டியதாயிற்று. கெட்ட எண்ணத்தோடு யாரும் அதைச் செய்யவில்லை. புதிதாக வருகிறவர்களிடம் நான் எப்போதும் இந்தக் கதையைச் சொல்வேன், அப்புறம் ‘கிட்டே போகாதீர்கள்’ என்று தனியாகச் சொல்லவேண்டியே இருக்காது.

எவ்வளவு தூரம் என்று கேட்பார்கள். யெல்லோஸ்டோன் விதிப்படி கரடி, ஓநாய் என்றால் 91 மீட்டர், மற்ற விலங்குகளுக்கு 23 மீட்டர். கையில் அளவுநாடா இருக்காதே, அதனால் கையை நேராக நீட்டி, ஒரு கண்ணை மூடி, கட்டைவிரலை விலங்குக்கு நேராகப் பிடியுங்கள். விரலுக்குப் பின்னால் விலங்கு முழுசாக மறைந்தால் சரி. இரண்டு பக்கமும் உடம்பு தெரிந்தால் பின்னால் நகருங்கள். அது மேய்வதை நிறுத்தித் தலை தூக்கிப் பார்த்தாலே, தூரம் எவ்வளவாக இருந்தாலும் நீங்கள் கிட்டே போய்விட்டீர்கள்.

அப்புறம் ஷூ. இதை யாரும் சொல்லவில்லை. 2006-ல் நியூயார்க் மாநிலத்துக் குகை ஒன்றில் வௌவால்களின் மூக்கில் வெள்ளையாகப் பூஞ்சை படிந்திருந்தது முதன்முதலில் தெரியவந்தது, அதற்கப்புறம் வட அமெரிக்காவில் லட்சக்கணக்கான வௌவால்கள் செத்துப்போயின. வௌவாலிடமிருந்து வௌவாலுக்குப் பரவுகிற நோய்தான், ஆனால் குகைக்குப் போகிறவர்களின் உடையிலும் காலணியிலும் அந்தப் பூஞ்சை ஒட்டிக்கொண்டு போகும். நியூசிலாந்தில் கௌரி மரங்களின் வேரை அழுகவைக்கும் கிருமி, காலணி மண்ணோடு ஊசிமுனை அளவு போனால் போதும். அதனால் அங்கே பல காட்டுப் பாதைகளின் வாசலில் காலணியைத் தேய்த்து, மருந்து தெளித்துவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். பல கௌரி மரங்கள் பல நூறு வருடம் வயதானவை. ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்குப் போகிற உங்கள் குழு வீட்டிலேயே ஷூவைத் தேய்த்துக் கழுவிக் காயவைத்துவிட்டு வரவேண்டும் என்று அறிவிப்பிலேயே போட்டுவிடுங்கள். பத்து நிமிட வேலை.


சந்தேகிப்பவன்:

எல்லாம் அருமை. ஆனால் ஒருவரும் கேட்காத கேள்வியை நான் கேட்கிறேன். ஏன் போகவேண்டும்?

பிரான்ஸில், ஆதிமனிதர் வரைந்த சுவரோவியங்களோடு 1940-ல் கண்டுபிடித்த லாஸ்கோ குகையில் யாரும் ஓவியத்தைச் சுரண்டவில்லை, குப்பை போடவில்லை. வெறுமனே போய் மூச்சு விட்டார்கள். மூச்சுக்காற்றும் ஈரமும் வெளிச்சமும் சேர்ந்து சுவரில் பச்சைப் பாசி வளர ஆரம்பித்து, 1963-ல் பொதுமக்களுக்கு மூடியே விட்டார்கள். தாய்லாந்தின் மாயா விரிகுடா, ஒரு சினிமாவில் வந்து பேர் வாங்கிய கடற்கரை, 2018 ஜூனில் மூடினார்கள். அதற்குள் நங்கூரத்தாலும் படகுகளாலும் பவளம் பெரும்பாலும் போயிருந்தது. மூடின கொஞ்ச காலத்தில் கருமுனைச் சுறாக்கள் தானாகத் திரும்பி வந்தன. யாரும் விழிப்புணர்வுப் பிரச்சாரம் நடத்தவில்லை, மனிதர்கள் வராமல் இருந்தார்கள், அவ்வளவே.

‘பொறுப்பான சுற்றுலா’ என்று பேர் வைத்து இன்னும் நாலு பேரைக் கூட்டிப்போவதற்கு நமக்கு நாமே கொடுத்துக்கொள்கிற அனுமதிச் சீட்டாகத்தான் இதெல்லாம் எனக்குத் தெரிகிறது. ஒரு தடவை பார்த்தவன் அந்த மலைக்காக நிற்பான் என்கிறார் நடைப்பித்தன். நின்றானா? போன வருடம் வந்த 28 பேரில் எத்தனை பேர் நின்றார்கள்?


ஈரமண்:

கடைசிக் கேள்வி சுருக்கென்று தைக்கிறது, நடைப்பித்தன் பதில் சொல்லட்டும். ஆனால் உங்கள் உதாரணத்தில் பாதியைத்தான் சொன்னீர்கள். மாயா விரிகுடாவை 2022 ஜனவரியில் திரும்பத் திறந்தார்கள். இப்போது படகு விரிகுடாவுக்குள் வரக்கூடாது, தீவின் பின்பக்கம் இறங்கி நடந்து வரவேண்டும், ஒரு நேரத்தில் இத்தனை பேர்தான் என்று கணக்கு, வருடத்தில் இரண்டு மாதம் மறுபடி மூடுகிறார்கள். மொத்தமாகப் பூட்டிவைக்காமலே சமாளிக்கிறார்கள்.

யாரும் போகாமலிருந்தால் தப்பிக்கும் என்பதும் எல்லா இடத்துக்கும் பொருந்தாது. மலைக் கொரில்லாவைப் பாருங்கள். ருவாண்டாவில் ஒரு கொரில்லாக் குடும்பத்தை ஒரு நாளைக்கு எட்டுப் பேர், ஒரு மணி நேரம்தான் பார்க்கலாம். சளி காய்ச்சல் இருந்தால் போகவே கூடாது, நம் சளி அதற்கு எமன். அனுமதிக் கட்டணம் 2017-லிருந்து 1,500 டாலர். பூங்கா வருமானத்தில் பத்து சதவீதம் சுற்றியிருக்கிற ஊர்களுக்குப் போகிறது. 2018-ல் மலைக் கொரில்லாவை அழிவின் விளிம்பில் இருப்பவை என்ற பட்டியலிலிருந்து ஒரு படி இறக்கினார்கள், எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டியதால். அந்தப் பணம் வராவிட்டால் அந்தக் காட்டை வெட்டி வயலாக்கியிருப்பார்கள் என்பது என் அபிப்பிராயம். ஆயிரத்தைந்நூறு டாலர் வைத்தால் பணக்காரன் மட்டும்தானே பார்ப்பான் என்று கேட்டால், ஆமாம். அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை.

நடைப்பித்தனின் இரண்டாவது கேள்வி அப்படியே நிற்கிறது, எப்படிச் சொல்வது என்று. பாதை தொடங்கும் இடத்தில் நிற்கவைத்து இருபது விதி படிக்காதீர்கள், எல்லோரும் தலையாட்டிவிட்டு ஷூ லேசைக் கட்டிக்கொண்டிருப்பார்கள். அந்தந்த இடம் வரும்போது அந்தந்த விஷயம். முதல் சேறு வந்ததும் நீங்கள் முன்னால் நடுவே இறங்கி நடந்துகாட்டுங்கள். கழிவு விஷயம் மட்டும் விதிவிலக்கு, அதை முந்தின நாளே சொல்லிவிடவேண்டும். காரணத்தோடு சொல்லுங்கள். ‘குளத்தில் காசு போடாதே’ என்றால் ஒன்றும் ஏறாது. யெல்லோஸ்டோனில் மார்னிங் குளோரி என்று ஒரு வெந்நீர்க் குளம் உண்டு, அடியாழம் வரை நீலமாக இருந்ததாம். வருகிறவர்கள் போட்ட காசும் கல்லும் குப்பையும் ஊற்றுவாயை அடைத்து, வெந்நீர் வரத்துக் குறைந்து, சூடு தணிந்து, அந்தக் குறைந்த சூட்டில் வாழும் நுண்ணுயிர்கள் ஓரத்திலிருந்து உள்ளே பரவி இப்போது மஞ்சளும் ஆரஞ்சுமாக ஆகிவிட்டது. இதைச் சொன்னால் சின்னப் பையன்கூடக் கையிலிருக்கிற கல்லைக் கீழே வைத்துவிடுவான்.

பலாவில் ஒரு நல்ல ஏற்பாடு செய்தார்கள். 2017-லிருந்து, அந்த நாட்டுக்குள் நுழைகிறவர்களின் பாஸ்போர்ட்டிலேயே ஓர் உறுதிமொழியை முத்திரையாகக் குத்திக் கையெழுத்து வாங்குகிறார்கள். அது அரசாங்கத்தைப் பார்த்துச் சொல்கிற உறுதிமொழி இல்லை, பலாவின் குழந்தைகளைப் பார்த்துச் சொல்வது. உங்கள் குழுவுக்குக் கையெழுத்து எல்லாம் தேவையில்லை. ஆளுக்கொரு பொறுப்புக் கொடுங்கள். ஒருவர் சோப்புத் தண்ணீரைப் பார்த்துக்கொள்ளட்டும், ஒருவர் மண்வெட்டி, ஒருவர் கிளம்பும்போது கடைசியாக நின்று தரையைப் பார்க்கட்டும். வேலை கொடுத்தவன் வாத்தியாராகத் தெரியமாட்டான், அது ஒரு தந்திரம்.


மூணாங்கண்:

நான் படம் எடுக்கிறவன், அதனால் வீடியோ விஷயத்தில் என் பங்குக்குக் கொஞ்சம் சொல்கிறேன்.

2019 மார்ச்சில் கலிஃபோர்னியாவில் லேக் எல்சினோர் என்ற சின்ன ஊருக்குப் பக்கத்துப் பள்ளத்தாக்கில் ஆரஞ்சு நிறப் பாப்பிப் பூ மலை முழுக்கப் பூத்தது. படங்கள் பரவிய வேகத்தில் ஊருக்குள் கூட்டம் தாங்கவில்லை, சாலை அடைத்துப்போய் ஒரு கட்டத்தில் நகர நிர்வாகம் வழியையே மூடியது. எல்லோருக்கும் பூவுக்கு நடுவே உட்கார்ந்த மாதிரி ஒரு படம் வேண்டும், அதற்குப் பாதையை விட்டு இறங்கவேண்டும், இறங்கி நசுக்கினார்கள். 2023-ல் மறுபடி பூத்தபோது, முன்கூட்டியே யாரையும் விடவில்லை.

இடத்தை மறைக்கவேண்டும் என்று நான் சொல்லமாட்டேன், வழி தெரிந்த ஆளோடு வருகிறவனுக்கு மட்டும்தான் மலை என்று ஆக்கிவிடக் கூடாது. ஆனால் எல்லா இடமும் ஒன்றில்லை. கழிவறை, குறித்த பாதை, பார்த்துக்கொள்ள ஆள், இந்த மூன்றும் இருக்கிற இடமென்றால் தாராளமாகப் பேரைப் போடுங்கள். எதுவும் இல்லாத ஏரிக்கு நிமிடம் நிமிடமாக வழி காட்டி வீடியோ போடுவது, சாவியைத் தெருவில் தொங்கவிடுகிற மாதிரி. நான் இப்போதெல்லாம் மாவட்டப் பேரோடு நிறுத்திக்கொள்கிறேன்.

வீடியோவை நீக்குவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அதைப் பார்த்தவர்கள் ஏற்கெனவே பார்த்துவிட்டார்கள், நீக்கினாலும் வேறு யாராவது போடுவார்கள். என்னைக் கேட்டால் வழி காட்டுகிற பகுதியை வெட்டிவிட்டு, போன வாரம் நீங்கள் பார்த்த ஐந்து தடத்தையும் தீக்குழியையும் முதல் ஒரு நிமிடத்தில் காட்டுங்கள். ‘இது நாங்கள் செய்தது’ என்று சொல்லுங்கள். அதற்கு எத்தனை கைதட்டல் வருகிறது பார்ப்போம் :)

இன்னொன்று சொல்ல மறந்தேன், கல் அடுக்கிவைத்துப் படம் எடுக்கிறவர்களை நிறுத்துங்கள். ஓடைக் கல்லுக்கு அடியில் பூச்சி முட்டை, தவளை, மீன்குஞ்சு எல்லாம் குடியிருக்கிறது. பனியிலும் பாறையிலும் வழி காட்டவே கல் அடுக்குகிற இடங்களும் உண்டு, அங்கே விளையாட்டுக்கு அடுக்கினால் பின்னால் வருகிறவன் வழி தவறிவிடுவான்.


நடைப்பித்தன்:

எல்லோருக்கும் நன்றி. இரண்டு நாள் இதை எல்லாம் திரும்பத் திரும்பப் படித்தேன்.

முதலில் சந்தேகிப்பவனுக்கு. போன வருடம் வந்த 28 பேருக்கும் நேற்றுச் செய்தி அனுப்பினேன், ஏரிக்கரையின் இப்போதைய படங்களோடு. பதினொரு பேர் பதில் போட்டார்கள். நான்கு பேர் சரி செய்ய என்ன செய்யலாம், வருகிறோம் என்றார்கள். ஒருவர், ‘அழகான இடம், மறுபடி எப்போது போகிறோம்’ என்று இதயம் போட்டார். என் கணக்குத் தப்பு என்று நீங்கள் சொன்னது முழுக்கப் பொய்யும் இல்லை, முழுக்க நிஜமும் இல்லைபோல. நான்கு பேர்.

அடுத்த மாத நடையை ரத்து செய்துவிட்டேன். பணம் கட்டியவர்களுக்குத் திருப்பிக் கொடுத்தாயிற்று, இரண்டு பேர் கோபப்பட்டார்கள், படட்டும். புதியவர்களுக்கு இனி கழிவறையும் குறித்த பாதையும் உள்ள இடம்தான், 12 பேருக்கு மேல் இல்லை. ஷூ கழுவுகிற விஷயம் அறிவிப்பிலேயே போய்விடும். மண்வெட்டி மூன்று வாங்கிவிட்டேன், கூச்சமில்லாமல் பேசுவதற்கு இரவு கண்ணாடி முன் நின்று ஒத்திகை பார்த்தேன் என்றால் சிரிப்பீர்கள்.

ஏரிக்கு அந்த நான்கு பேரும் நானும் போகிறோம். வனத்துறையிடம் கேட்டோம், குறுக்குத் தடங்களின் வாயில் காய்ந்த கிளைகளைப் போட்டு மறிக்கவும் தீக்குழிகளைக் கலைக்கவும் சம்மதித்தார்கள், செடி எதுவும் கொண்டுபோய் நடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். ஈரமண் அண்ணா, ஒரே ஒரு கேள்வி. தீக்குழிக் கல்லையும் கரியையும் என்ன செய்யவேண்டும்? மூட்டை கட்டிக் கீழே கொண்டுவரவா?


ஈரமண்:

கரித்துண்டுகளைப் பொடியாக நசுக்கி, தண்ணீரிலிருந்து தள்ளி, அகலமாகத் தூவிவிடுங்கள், ஒரே இடத்தில் கொட்டாதீர்கள். சாம்பலுக்குள் பிளாஸ்டிக், தகரம், பாட்டில் மூடி கட்டாயம் இருக்கும், அதை மட்டும் பொறுக்கிக் கொண்டுவாருங்கள். கல்லை எடுத்த இடத்திலேயே, கரி படிந்த பக்கம் கீழே இருக்கிற மாதிரி திரும்ப வையுங்கள். மூன்று குழியைக் கலைத்தால் போதும். எவனாவது எப்படியும் தீ மூட்டத்தான் போகிறான், ஏரியிலிருந்து ரொம்பத் தள்ளி இருக்கிற ஒன்றை விட்டுவையுங்கள், இல்லாவிட்டால் அவன் புதிதாக ஐந்தாவது ஒன்று போடுவான். கையுறை கூடுதலாக ஒரு ஜோடி எடுத்துக்கொள்ளுங்கள், முதல் குழியிலேயே ஒரு ஜோடி கிழிந்துவிடும்.